நாலாவது ப்ளேன வித்தவங்க

1972-ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல சவுத்வெஸ்ட்னு ஒரு சின்ன ஏர்லைன் கம்பெனி. கைல மொத்தமே நாலு போயிங் 737, பறக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆயிருக்கு, கல்லால காசு இல்ல, சம்பளம் குடுக்கவே திண்டாட்டம். சரி ஒரு ப்ளேன வித்துடலாம்னு வித்துட்டாங்க. இது வரைக்கும் சாதாரண கதைதான், நொடிஞ்சு போற கம்பெனி எல்லாம் செய்றதுதான். ஆனா இவங்க டைம்டேபிள கொறைக்கல. நாலு ப்ளேன் ஓட்டிட்டு இருந்த அதே சர்வீஸ மூணு ப்ளேன வச்சே ஓட்டிடலாம்னு முடிவு பண்ணாங்க, அதுக்கு ஒரே வழி ப்ளேன் தரைல நிக்கிற நேரத்த கொறைக்கிறது, எவ்ளோன்னா பத்து நிமிஷம். வந்தவங்க எறங்கி, பெட்டிய எறக்கி, புது பெட்டிய ஏத்தி, புது ஆளுங்க ஏறி, கதவ சாத்தி கெளம்பணும், பத்தே நிமிஷத்துல.

அன்னிக்கு வேற வழி இல்லாம செஞ்ச இந்த ஒரு காரியம்தான் லோ-காஸ்ட் ஏர்லைன்னு நாம சொல்ற மொத்த பிசினஸுக்கும் அஸ்திவாரம்னு நான் நெனைக்கிறேன். நான் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பாக்குற ஆளு, அதனால ப்ளேன் லேண்டாகி கதவு தொறந்த உடனே வாட்ச்ச பாக்குற கெட்ட பழக்கம் இருக்கு, அடுத்த ஃப்ளைட்டுக்கு காத்துட்டு இருக்கும்போது கண்ணாடி வழியா வெளிய நிக்கிற ப்ளேனுக்கு எல்லாம் டைம் எடுப்பேன். "ஊருக்கு போக வந்தீங்களா ஆடிட்டுக்கு வந்தீங்களா"ன்னு வீட்டம்மா கேப்பாங்க. பதில் சொல்றதில்ல.

இத எழுத காரணம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் கேட்ட கேள்வி. "ஏண்ணே, இந்த சீப் ஏர்லைன் ரகசியம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, புக்குல எல்லாம் போட்டிருக்கான், அப்ப பெரிய கம்பெனிங்க அத காப்பி அடிச்சு இவனுங்கள காலி பண்ணிருக்கலாமே?" நல்ல கேள்வி. டீ ஆறுற வரைக்கும் பேசுனோம், ஆனா பாதிய சொல்ல விட்டுட்டேன், அதான் இங்க.

மொதல்ல கணக்க பாத்துடலாம். ப்ளேனுக்கு லீஸ் வாடகை மாசம் ஆனா குடுத்தே ஆகணும், பறந்தாலும் நின்னாலும். ஒரு நாளைக்கு ஆறு ட்ரிப் அடிச்சா அந்த வாடகைய ஆறா பங்கு போடலாம், எட்டு அடிச்சா எட்டா பங்கு போடலாம். பைலட்டு, கேபின் க்ரூ சம்பளமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அப்புறம் ஒரே மாடல் ப்ளேன். எல்லாமே 737-ன்னா எந்த பைலட்ட வேணா எந்த ப்ளேன்ல வேணா ஏத்தலாம், ஸ்பேர் பார்ட்ஸ் ஒரே செட்டு, மெக்கானிக்குக்கு ஒரே ட்ரெய்னிங், ஒரு ப்ளேன் பழுதான்னா அடுத்தத அப்படியே எடுத்து விடலாம். அப்புறம் சீட்டு. ஏர்பஸ் ஏ320-ல பிசினஸ் கிளாஸ் எல்லாம் வச்சா 150 பக்கம் வரும், முழுக்க எகானமி போட்டு நெருக்குனா 180, 186 வரும். கிட்டத்தட்ட அதே எரிபொருள், அதே பைலட், முப்பது பேர் எக்ஸ்ட்ரா. இதுல ராக்கெட் சயின்ஸ் ஒண்ணும் இல்ல, ஷேர் ஆட்டோ ஓட்டுறவருக்கு நாம சொல்லித்தர வேண்டியதே இல்ல.

அப்ப ஏன் காப்பி அடிக்க முடியல? ஏன்னா இது ஒவ்வொண்ணும் எதையோ விட்டாதான் கெடைக்கும். பத்து நிமிஷத்துல கெளம்பணும்னா சாப்பாடு வண்டி வந்து ஏத்துற வரைக்கும் நிக்க முடியாது, அதனால சாப்பாடு கெடையாது. வேற ஃப்ளைட்ல இருந்து மாறி வர ஆளுக்காக காத்திருக்க முடியாது, அவரோட பெட்டி வந்துச்சான்னு பாக்க முடியாது, அதனால கனெக்ஷன் கெடையாது. சீட் நம்பர் குடுத்தா ஆளுங்க நிதானமா வருவாங்க, குடுக்கலன்னா நல்ல சீட்டுக்காக முன்னாடியே வந்து லைன்ல நிப்பாங்க, அதனால சவுத்வெஸ்ட்ல ரொம்ப வருஷம் சீட் நம்பரும் கெடையாது. ஒண்ண பிடிச்சு இழுத்தா மத்தது எல்லாம் கூடவே வரும்.

பெரிய ஏர்லைனுக்கு இத விடவே முடியாது, ஏன்னா அவங்க சம்பாதிக்கிறதே அதுலதான். ஹப்னு சொல்வாங்களே, நடுவுல ஒரு பெரிய ஏர்போர்ட், சுத்தி இருபது ஊரு. வெறும் இருபது ரூட் ஓட்டுறான், ஆனா நடுவுல மாத்தி விட்டான்னா எந்த ஊர்ல இருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் விக்கலாம், ஹப்பையும் சேத்தா 210 ஜோடி ஊரு. இது பயங்கரமான பலம், இத குறைச்சு எடை போடுறவங்க நிறைய பேர். ஆனா அதுக்கு விலை இருக்கு. எல்லா ப்ளேனும் ஒரே நேரத்துல வந்து குவியணும், மாறுறவங்களுக்காக ஒண்ணா நிக்கணும், திரும்ப ஒண்ணா கெளம்பணும். நடுவுல ஏர்போர்ட் ஸ்டாஃப் சும்மா உக்காந்திருப்பாங்க. ஒரு ஃப்ளைட் லேட்டானா பத்து ஃப்ளைட் லேட்டு. கார்ப்பரேட் ஆளு முழு காசு குடுத்து வாங்குறதே இந்த வலைக்காகத்தான், அத அறுத்துட்டு சவுத்வெஸ்ட் மாதிரி ஆகுறேன்னா இருக்கிற வருமானமும் போச்சு.

அதனால பெரியவங்க மொதல்ல வேற வழில அடிச்சு பாத்தாங்க. மொத வழி கோர்ட்டு. சவுத்வெஸ்ட் கம்பெனி பதிவானது 1967-ல, மொத ஃப்ளைட் பறந்தது 1971 ஜூன்ல, நடுவுல இருந்த காலம் பூரா பிரானிஃப், கான்டினென்டல் எல்லாம் போட்ட கேஸுல போச்சு. அந்த காலத்துல அமெரிக்காவுல எந்த ரூட், எவ்ளோ டிக்கெட்னு மத்திய போர்டுதான் முடிவு பண்ணும், ஒரே மாநிலத்துக்குள்ள ஓட்டுனா மட்டும் அந்த போர்டு கைக்கு எட்டாது, அந்த சந்துக்குள்ள புகுந்து வந்தவங்கதான் இவங்க. 1978-ல அந்த கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க, அது வேற விஷயம்.

ரெண்டாவது வழி விலை. 1973-ல பிரானிஃப் டல்லஸ் டு ஹூஸ்டன் டிக்கெட்ட பாதியாக்கி 13 டாலர்னு அறிவிச்சாங்க. சவுத்வெஸ்ட்டுக்கு அப்ப காசு வர ஒரே உருப்படியான ரூட் அதுதான், அங்க 13-க்கு ஓட்டுனா செத்துடும். அப்ப கம்பெனிய நடத்திட்டு இருந்த லாமர் மியூஸ் டீம் என்ன பண்ணாங்கன்னா, சரி உனக்கு 13 டாலர்தான் வேணும்னா வாங்கிக்கோ, இல்ல வழக்கமான 26 டாலரே குடுத்தா ஒரு முழு பாட்டில் விஸ்கி ஃப்ரீன்னு சொல்லிட்டாங்க. டிக்கெட் காச ஆபீஸ் குடுக்குது, பாட்டில் நம்ம வீட்டுக்கு வருது, எந்த பிசினஸ்மேன் வேணாம்பான்? பெரும்பாலானவங்க 26-தான் குடுத்தாங்க. அந்த வருஷம்தான் கம்பெனிக்கு மொத லாபம். பிரானிஃப் 1982-ல மூடிட்டாங்க.

இந்த விஸ்கி கதைய எல்லாரும் சொல்வாங்க, கேக்க நல்லா இருக்கும். ஆனா விலைப்போர்ல சின்னவன் ஜெயிச்ச கேஸ் கம்மி. லண்டன்ல ஃப்ரெடி லேக்கர்னு ஒருத்தர், 1977-ல நியூயார்க்குக்கு ஸ்கைட்ரெயின்னு விட்டாரு, ரிசர்வேஷனே கெடையாது, பஸ் ஸ்டாண்ட் மாதிரி வரிசைல நின்னு டிக்கெட் வாங்கி ஏறிக்கணும். கூட்டம் அள்ளுச்சு. அஞ்சே வருஷம், 1982 பிப்ரவரில திவால். பொருளாதார மந்தம், டாலர் கடன், அதோட பெரிய கம்பெனிங்க எல்லாம் சேந்து அவரு விலைக்கே எறங்கி வந்தாங்க. அதுக்கப்புறம் கேஸ் நடந்து கோர்ட்டுக்கு வெளிய செட்டில் பண்ணாங்க, ஆனா கம்பெனி போனது போனதுதான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச, கொஞ்சம் பயமாவும் இருக்கிற கதை பீப்பிள் எக்ஸ்பிரஸ். 1981-ல நியூவார்க்ல ஆரம்பிச்சாங்க. டிக்கெட் காச ப்ளேனுக்குள்ளயே வாங்குவாங்க, பஸ் கண்டக்டர் மாதிரி. பெட்டி போட 3 டாலர், சாப்பாட்டுக்கு தனி காசு. இன்னிக்கு நாம திட்டுற எல்லாமே அப்பவே இருந்துச்சு பாருங்க. நாலு வருஷத்துல அசுர வளர்ச்சி. அப்ப அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல ராபர்ட் கிராண்டல்னு ஒரு மனுஷன். அவர்கிட்ட சேபர்னு ஒரு கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் சிஸ்டம் இருந்துச்சு. அவர் யோசிச்சது என்னன்னா, பீப்பிள் எக்ஸ்பிரஸோட செலவுக்கு நம்மளால எறங்கவே முடியாது, சரி, ஆனா நம்ம ப்ளேன்ல எப்படியும் காலியா பறக்கப்போற சீட்டு இருக்கே, அந்த சீட்டுக்கு செலவு என்ன? கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. அத மட்டும் அவன் விலைக்கு குடுப்போம். ஆனா அம்பதாயிரம் கண்டிஷன் போட்டு, பல நாள் முன்னாடி வாங்கணும், காசு திரும்ப வராதுன்னு. நாளைக்கே போகணும்னு வர பிசினஸ் ஆளு அந்த டிக்கெட்ட வாங்க முடியாது, அவரு முழு விலைதான். எந்த ஃப்ளைட்ல எத்தன சீட்ட சீப்பா விடணும், எத்தன சீட்ட கடைசி நிமிஷ ஆளுக்காக பிடிச்சு வைக்கணும்னு கம்ப்யூட்டர் கணக்கு போடும்.

1985 ஜனவரில இந்த திட்டத்த இறக்குனாங்க. பீப்பிள் எக்ஸ்பிரஸ்கிட்ட அந்த மாதிரி கம்ப்யூட்டர் கெடையாது, அவங்களுக்கு எல்லா சீட்டும் ஒரே விலை. ஒரே விலைக்கு சாப்பாடு, பெட்டி, மைல்ஸ்னு சொல்ற பரிசு பாயிண்ட் எல்லாம் குடுக்குற அமெரிக்கன் இருக்கும்போது இங்க ஏன் வரணும்? 1987 தொடக்கத்துல கம்பெனியே இல்ல, கான்டினென்டலுக்குள்ள கரைஞ்சு போச்சு. இன்னிக்கு நாம டிக்கெட் பாத்துட்டு ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப பாத்தா விலை ஏறி நிக்குதே, அந்த எரிச்சலுக்கு தாத்தா இதுதான்.

அப்ப பெரியவங்க கைல ஆயுதம் கெடைச்சிருச்சு, முடிஞ்சுதுன்னு பாத்தா, இல்ல. அடுத்து ஒரு பெரிய சறுக்கல். நாமளே ஒரு சீப் ஏர்லைன் ஆரம்பிச்சுடுவோம்னு கெளம்புனாங்க பாருங்க. கான்டினென்டல் லைட், 1993-ல ஆரம்பிச்சு 1995-ல மூடுனாங்க. யுனைட்டடோட டெட், 2004-ல இருந்து 2009. டெல்டாவோட சாங், 2003-ல இருந்து 2006. பேரு மட்டும் துள்ளலா வைப்பாங்க, பெயிண்ட் புதுசு, உள்ள அதே பைலட் காண்ட்ராக்ட், அதே ஹெட் ஆபீஸ் செலவு, பல நேரம் அதே ஹப்பு. டிக்கெட் விலை மட்டும் சீப்பு. எந்த கணக்குல லாபம் வரும்? இதுல ஏமாந்தது கஸ்டமர் இல்ல, அவங்களே.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1998-ல கோன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மொத ஃப்ளைட்லயே போட்டி கம்பெனி ஈஸிஜெட் ஓனர் ஸ்டெலியோஸ் தன் ஆளுங்களோட ஆரஞ்சு கலர் உடுப்புல ஏறி உக்காந்துட்டாரு, தன் கம்பெனி டிக்கெட்ட ஃப்ரீயா குடுக்குறேன்னு கலாட்டா. கோ நல்லாத்தான் ஓடுச்சு. 2001-ல தாய் கம்பெனிக்கு மனசு மாறி சுமார் 11 கோடி பவுண்டுக்கு வித்தாங்க, அடுத்த வருஷமே அத 37.4 கோடி பவுண்டுக்கு வாங்குனது யாருன்னா அதே ஈஸிஜெட். தான் பெத்த புள்ளைய தானே எதிரிக்கு ஊட்டி வளத்து குடுத்த மாதிரி ஆயிருச்சு.

விதிவிலக்கு இருக்கு. ஆஸ்திரேலியாவோட குவாண்டஸ் 2004-ல ஆரம்பிச்ச ஜெட்ஸ்டார். தனி ஆளுங்க, தனி சம்பள ஒப்பந்தம், தனி ப்ளேன், எந்த ரூட்ல யாரு ஓட்டுறதுன்னு மேல இருந்து பிரிச்சு குடுத்துட்டாங்க. அதாவது பேர மட்டும் மாத்தாம செலவையே பிரிச்சாங்க. இதுக்கு நேர் எதிர் உதாரணம் வேணும்னா கிங்ஃபிஷர் ஏர் டெக்கான வாங்கி கிங்ஃபிஷர் ரெட்னு பேர் மாத்துனது. ஆடம்பரத்தையும் சிக்கனத்தையும் ஒரே கல்லாவுல போட்டு கலக்குனா ரெண்டும் கெட்டுப்போகும், 2012-ல மொத்தமா நின்னுருச்சு.

ஐரோப்பால ரயன்ஏர் கதை தனி ரகம். 1990 வாக்குல நஷ்டத்துல கெடந்த சின்ன ஐரிஷ் கம்பெனி. மைக்கேல் ஓலியரி அமெரிக்கா போயி சவுத்வெஸ்ட்ட பாத்துட்டு வந்தாரு, ஆனா சவுத்வெஸ்ட்டோட சிரிப்பயும் அன்பையும் அங்கயே விட்டுட்டு செலவுக் கணக்க மட்டும் எடுத்துட்டு வந்தாருன்னு வைங்க. ஊர்ல இருந்து எங்கயோ தள்ளி இருக்கிற ஏர்போர்ட்டா பாத்து எறங்குவாரு, ஃபிராங்க்ஃபர்ட்-ஹான்னு ஒண்ணு, ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்து 120 கிலோமீட்டர். காலியா ஈ ஓட்டிட்டு இருக்கிற ஏர்போர்ட் கட்டணத்துல தாராளமா இறங்கி வரும், டிராஃபிக்கும் இல்ல, 25 நிமிஷத்துல கெளம்பிடலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் எல்லாரும் ஆர்டர கேன்சல் பண்ணிட்டு இருக்கும்போது 2002 ஜனவரில போயிங்கிட்ட போயி 100 ப்ளேன் ஆர்டர் போட்டாரு. போயிங் அன்னிக்கு என்ன விலைக்கு வேணா குடுக்கிற நிலைமைல இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு செலவ பூட்டி வச்ச மாதிரி. டாய்லெட்டுக்கு காசு வாங்கப்போறேன்னு ஒரு தடவ அவரு சொன்னது எல்லாம் சும்மா, உலகம் பூரா பேப்பர்ல ஃப்ரீ விளம்பரம். 2025 மார்ச்சோட முடிஞ்ச வருஷத்துல அவங்க ஏத்துனது 20 கோடி பேர். வருமானத்துல மூணுல ஒரு பங்கு டிக்கெட் இல்ல, பெட்டி, சீட்டு, முன்னாடி ஏறுறதுன்னு இந்த உதிரி ஐட்டங்கதான்.

(பெட்டி பத்தி ஒரு சொந்த புலம்பல். ஒரு கம்பெனில, பேர் வேணாம், கேட்ல என் பைய அந்த இரும்பு கூண்டுக்குள்ள வைக்க சொன்னாங்க, சக்கரம் ரெண்டு விரக்கடை வெளிய நின்னுச்சு, டிக்கெட்ட விட அதிகமா புடுங்கிட்டாங்க. காஸ்ட் அக்கவுண்டன்ட்டா பாராட்டுனேன், மனுஷனா சபிச்சேன்.)

அப்ப இந்த மாடல் எங்க வேணா ஓடுமான்னா, நீண்ட தூரத்துல ஓடல. நார்வேஜியன் 2013-ல இருந்து அட்லாண்டிக் தாண்டி சீப்பா ஓட்டிப் பாத்தாங்க, 2021 ஜனவரில லாங் ஹாலே வேணாம்னு விட்டாங்க. ஐஸ்லாந்தோட வாவ் ஏர் 2019-ல மூடுச்சு. காரணம் பழைய கணக்குதான். எட்டு மணி நேரம் பறக்கிற ப்ளேன தரைல அரை மணி நேரம் மிச்சம் பிடிச்சு என்ன ஆகப்போகுது? பெரிய கம்பெனியோட லாங் ஹால் ப்ளேனும் நாள் பூரா பறந்துட்டுதான் இருக்கு. அங்க அவனுக்கு முன்னாடி பிசினஸ் கிளாஸ் காசு, கீழ கார்கோ காசு, ரெண்டு பக்கமும் ஹப்புல இருந்து கூட்டம். இவனுக்கு நம்ம மாதிரி கால மடக்கி உக்கார ஆளு மட்டும்தான்.

இப்ப கடைசி பத்து பதினஞ்சு வருஷத்துல நடந்ததுதான் தம்பிகிட்ட சொல்லாம விட்ட பாதி. பெரியவங்க காப்பி அடிக்கிறத நிறுத்திட்டு கிராண்டல் பாதைக்கே திரும்பிட்டாங்க. 2012-ல டெல்டா பேஸிக் எகானமின்னு ஒண்ண கொண்டு வந்தாங்க, 2017-ல யுனைட்டடும் அமெரிக்கனும். சீட் செலக்ட் பண்ண முடியாது, மாத்த முடியாது, ஆனா விலை லோ-காஸ்ட் விலை. அந்த ப்ளேன்ல முன்னாடி உக்காந்திருக்கவங்க ஏற்கனவே செலவ கட்டிட்டாங்க, பின்னாடி விக்கிற சீட்டு வந்தா லாபம். அதுக்கு மேல கிரெடிட் கார்டு. மைல்ஸ வாங்கி கார்டு கஸ்டமருக்கு குடுக்கிறதுக்காக அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2024-ல டெல்டாவுக்கு குடுத்தது சுமார் 740 கோடி டாலர். அந்த வருஷம் டெல்டாவோட மொத்த ஆபரேட்டிங் லாபமே 600 கோடிதான். அதாவது ப்ளேன் ஓட்டுறது கார்டு விக்கிறதுக்கு ஒரு சாக்கான்னு கேக்கலாம் போல. கொரோனா சமயத்துல யுனைட்டட் கடன் வாங்க அடமானம் வச்சது ப்ளேன இல்ல, மைலேஜ் திட்டத்த, அத சுமார் 2,200 கோடி டாலர்னு மதிப்பு போட்டாங்க, கம்பெனியோட பங்குச்சந்தை மதிப்பே அப்ப அவ்ளோ கெடையாது.

இது நசுக்குனது யாரன்னா ஸ்பிரிட் மாதிரி அமெரிக்க லோ-காஸ்ட் ஆளுங்கள. கொரோனாவுக்கு அப்புறம் பைலட் சம்பளம் ஏறிப்போச்சு, இஞ்சின் பிரச்சனைல ப்ளேன் நின்னுச்சு, செலவுல இருந்த இடைவெளி சுருங்குச்சு, விலைல இருந்த இடைவெளிய பேஸிக் எகானமி தின்னுருச்சு. ஜெட்புளூன்னு இன்னொரு ஏர்லைன் 380 கோடி டாலருக்கு ஸ்பிரிட்ட வாங்க வந்தாங்க, போட்டி கொறைஞ்சு போகும்னு 2024 ஜனவரில கோர்ட் தடுத்துருச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஸ்பிரிட் திவால் மனு, வெளிய வந்து திரும்ப 2025 ஆகஸ்ட்ல இன்னொரு திவால் மனு. போட்டிய காப்பாத்த குடுத்த தீர்ப்பு, போட்டியாளர காப்பாத்தல. தீர்ப்பு தப்புன்னு நான் சொல்லல, வாங்கியிருந்தா ஜெட்புளூவும் கூட சேந்து முழுகியிருக்கலாம்.

ஐயாட்டான்னு உலக ஏர்லைன் சங்கம் 2025 ஜூன்ல போட்ட கணிப்பு படி அந்த வருஷம் உலகம் பூரா ஏர்லைன்ஸுக்கு ஒரு பயணிக்கு நிக்கிற நிகர லாபம் 7.20 டாலர். இவ்ளோ சண்டையும் அதுக்குதான்.

சவுத்வெஸ்ட் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. 2022 கிறிஸ்துமஸ் சமயத்துல பனிப்புயல்ல பழைய க்ரூ சாஃப்ட்வேர் படுத்து 16,000-க்கு மேல ஃப்ளைட் ரத்தாச்சு. 2024-ல எலியட்னு ஒரு முதலீட்டு கம்பெனி பங்க வாங்கிட்டு உள்ள வந்து உலுக்குச்சு. 2025 மே மாசத்துல இருந்து பேஸிக் எகானமி, கூடவே பெட்டிக்கு காசு, அத்தன வருஷமா ஃப்ரீ ஃப்ரீன்னு விளம்பரம் பண்ணவங்க. 2026 ஜனவரில இருந்து சீட் நம்பர், கால் நீட்டுற சீட்டுக்கு கூடுதல் காசு. எல்லாம் டெல்டா பண்றதேதான். அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், சம்பளம் எல்லாம் ஏறி செலவும் பெரிய கம்பெனி பக்கம் எப்பவோ போயிருச்சு, அப்ப வருமானமும் அங்க போய்தானே ஆகணும்.

தம்பிகிட்ட இத சொன்னேன். "அப்ப இனிமே எது லோ-காஸ்ட், எது பெரிய கம்பெனின்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது, டிக்கெட் விலைய பாத்தா ஒண்ணும் தெரியலயே"ன்னான். விலைய பாக்காதடா, எறங்குன உடனே வாட்ச்ச பாருன்னேன். போன வாரம் ட்ரிப் முடிஞ்சு வந்து மெசேஜ் போட்டிருந்தான், "47 நிமிஷம் அண்ணே, அதுல 12 நிமிஷம் ஏணி வரல."